சிறுநீர் பேசினால் போதுமா?

காவிரியின் வடகரையில் மோகனூரைச் சுற்றிக் கோரையும் கரும்பும் வாழையும் வெற்றிலைக் கொடிக்கால்களும் விளைகின்றன. அவ்விளைவின் பின்னே நிற்கும் உழைப்பிற் பெரும்பங்கு பெண்டிருடையது. விடியுமுன் எழுந்து உலைவைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுத்து, கோரை அறுக்கவும் கரும்புக்குக் களைவெட்டவும் செல்கின்ற அவர்கள், உடம்பில் எது நொந்தாலும் மறைப்பவரல்லர். தலைநோவுக்குச் சுக்கு, வயிற்று நோவுக்கு ஓமம், மூட்டு நோவுக்கு நொச்சி என்று வரப்பிலேயே ஒருவர்க்கொருவர் மருத்துவம் சொல்லிக்கொள்வர். ஆனால், மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் மட்டும் அந்த வாய் அடைத்துப் போகின்றது. நோவில்லாத கட்டி, புளியங்கொட்டை அளவு. கணவனிடம் சொல்வதில்லை, மகளிடமும் சொல்வதில்லை, ஆண் மருத்துவர் இருக்கும் இடத்துக்குச் செல்வதே இல்லை. புளியங்கொட்டை எலுமிச்சங்காயாகித் தோல் புண்ணாகும்வரை பொறுத்திருந்து, பின்னர் நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ கொண்டு செல்லப்படும்போது மருத்துவர் கையைப் பிசைகின்றார்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்திய ஒன்றியத்தில் 1,92,020 பெண்டிர்க்கு மார்பகப் புற்று புதிதாய்க் காணப்பட்டதாகவும், 98,337 பேர் அதனால் மாண்டதாகவும் உலக நலவாழ்வு அமைப்பைச் சார்ந்த அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. தொடக்க நிலையிற் கண்டு மருத்துவம் செய்தால் பத்துப் பேரில் ஒன்பதின்மர் ஐந்தாண்டு கடந்தும் வாழக்கூடிய நோய் இது. அத்தகைய நோயில், புதிதாய் வருவோர் தொகையிற் பாதிக்கு ஈடாகச் சாவும் நிகழ்கின்றதெனின், நோய்க்கும் மருத்துவர்க்கும் இடையே ஏதோவொரு சுவர் எழுந்து நிற்கின்றது என்பது வெளிப்படை.

அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி கிடைத்துவிட்டதென்று அவ்வப்போது செய்தி வருகின்றது. ஒரு சிறு கலத்துச் சிறுநீர் போதுமாம். அதிற் கலந்துள்ள புரதங்களைக் கொண்டே மார்பகப் புற்றைக் கண்டுகொள்ளலாமாம். ஊசி குத்த வேண்டுவதில்லை. கதிர்ப்படம் எடுக்க வேண்டுவதில்லை. ஆடை நெகிழ்த்த வேண்டுவதில்லை. வேற்றார் கை மேலே படவும் வேண்டுவதில்லை. மோகனூர்ப் பெண்ணுக்கு இதனினும் இனிய செய்தி வேறுண்டோ? ஆனால், இச்செய்தியில் எவ்வளவு மணி, எவ்வளவு பதர் என்பதைப் புடைத்துப் பார்ப்பது தமிழ்மக்கள் கடன்.

முதற்கண் அந்தச் சுவரைப் பற்றி ஒரு சொல். முலை என்னுஞ் சொல்லைத் தமிழ்மகள் ஒருகாலத்தில் கூசாது சொன்னாள். புறநானூற்றின் 278-ஆம் பாட்டில் வரும் முதியவள், தன் மகன் போரிற் புறங்கொடுத்தது உண்மையாயின் அவனுக்குப் பாலூட்டிய அவ்வுறுப்பையே அறுத்தெறிவதாகச் சூளுரைக்கின்றாள். பாடியவரும் ஒரு பெண்பாற் புலவரே, காக்கைபாடினியார் நச்செள்ளையார். அவர்க்குக் கூச்சமில்லை, கேட்டார்க்கும் கூச்சமில்லை. கண்ணுக்கும் கைக்கும் இருந்த அதே மதிப்பு அவ்வுறுப்புக்கும் இருந்தது. பிற்காலத்தார்தாம் அச்சொல்லை இழிசொல்லாக்கி, பள்ளியில் ஆசிரியர் அப்பாட்டைத் தாண்டிச் செல்லவும், பெண் தன் நோயை 'நெஞ்சுப் பக்கம் ஒருமாதிரி' என்று மூடி மழுப்பவும் செய்துவிட்டனர். இவ்வாசிரியவுரையிலும் நடைமுறை வழக்கை நோக்கி மார்பகம் என்றே எழுதப்படுகின்றது. அச்சுவரின் உயரத்துக்கு அதுவும் ஒரு சான்று.

சிறுநீரைக் கொண்டு நோயறிவது தமிழர்க்குப் புதிதன்று. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வுகளிற் சிறுநீர்த்தேர்வும் ஒன்று. தேரையர் பெயரால் வழங்கும் நூல் அதனை நீர்க்குறி, நெய்க்குறி என இரண்டாக்கிக் கூறுகின்றது. நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் ஆகிய ஐந்தையும் நோக்குவது நீர்க்குறி. விடியற் சிறுநீரைக் கலத்தில் ஏந்தி, அதன்மேல் ஒரு துளி நல்லெண்ணெயை விட்டு, அது பாம்புபோல் நீள்கின்றதா, வளையம்போல் விரிகின்றதா, முத்துப்போல் நிற்கின்றதா என்று பார்த்து, வளி, அழல், ஐயம் என்னும் மூன்றில் எது மிகுந்ததென முடிவு செய்வது நெய்க்குறி. மேலைநாட்டுச் செய்தி வந்தவுடன் 'அன்றே எம் முன்னோர் கண்டனர்' என்று மார்தட்டுவோர் ஒரு சாரார். 'எண்ணெய்விட்டுப் பார்த்த மடமை' என்று எள்ளி நகைப்போர் மற்றொரு சாரார். இருவரும் பிழைபட்டோரே. உடலினின்று கழியும் நீரில் உடலின் செய்தி உண்டு என்று தெளிந்தமை முன்னோரின் நுண்மாண் நுழைபுலம். அதனை எள்ளுதற்கு எவர்க்கும் உரிமையில்லை. ஆயின், நெய்க்குறி மூன்றன் மிகைகுறையைச் சொல்ல எழுந்ததேயன்றி, மார்பில் ஒளிந்திருக்கும் புளியங்கொட்டையைச் சுட்ட எழுந்ததன்று. இல்லாத பெருமையை ஏற்றிச் சொல்வது, இருக்கின்ற பெருமையையும் ஐயத்துக்கு உள்ளாக்கும்.

இனி, சிறுநீரிற் புரதம் வருவது எவ்வாறு? சிறுநீரகங்கள் இரண்டும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தைக் குருதியினின்று வடித்தெடுத்து, அதிற் பெரும்பகுதியை மீண்டும் குருதிக்கே அனுப்பிவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவையே சிறுநீராக வெளிப்போக்குகின்றன. பெரிய புரதங்கள் அந்த வடிகட்டியைத் தாண்டுவதில்லை. சிறியவை தாண்டினும் பெரும்பாலும் திரும்ப உறிஞ்சப்படுகின்றன. எனவே நலமுடையார் சிறுநீரில் ஒரு நாளைக்கு 150 மில்லிகிராமுக்குக் குறைவான புரதமே கழிகின்றது. அளவு சிறிதாயினும் வகை பெரிது. 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நலமுடையார் சிறுநீரில் ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட புரதங்களை எண்ணிக் காட்டியது. அவற்றிற் பெரும்பங்கு சிறுநீரகமும் சிறுநீர்ப் பாதையும் தாமே விடுப்பவை. எஞ்சியவை குருதியோடு உடலெங்கும் சுற்றி வந்தவை. உடலின் எம்மூலையிலோ முளைத்த புற்று குருதியிற் கலக்கவிடும் புரதத்தின் சிறுதுணுக்கு ஒன்று இவ்வெஞ்சியவற்றோடு சேர்ந்து வெளிவரலாம் என்பதே ஆய்வாளர் கொண்ட நம்பிக்கையின் வேர்.

முட்டைக்குப் பெயர்போன நாமக்கல் நாட்டார்க்குப் புரதத்தை விளக்க வேண்டுவதில்லை. முட்டையின் வெண்கருவைச் சூடேற்றினால் இறுகும். இறுகியது மீண்டும் இளகாது. 1845-இல் இலண்டன் மாநகரின் பென்சு சோன்சு என்னும் மருத்துவர்க்கு ஒரு மளிகை வணிகரின் சிறுநீர் ஆய்வுக்கு வந்தது. அதிலிருந்த பொருள் வெண்கருவினும் வேறாக நடந்துகொண்டது. இளஞ்சூட்டில் இறுகிற்று, கொதிக்கக் கொதிக்கக் கரைந்தது, ஆறியபின் மீண்டும் இறுகிற்று. அவ்வணிகர் 1846 சனவரி முதல் நாளில் மாண்டார். எலும்பின் உள்ளே உள்ள மச்சையில் தோன்றிய புற்று அவர் எலும்புகளைத் தின்றிருந்தது. சிறுநீரில் வந்த அப்புரதம் அப்புற்றின் கைவண்ணமே என்பது மெல்லமெல்லத் தெளிந்தது. அது நோயெதிர்ப்புப் புரதத்தின் ஒரு துண்டு என்பது 1962-இல்தான் உறுதியாயிற்று. புற்றைக் காட்டும் புரதங்களுள் உலகம் முதன்முதற் கண்டது சிறுநீரில்தான் என்பதும், அதன் பொருளை முற்றும் அறிய நூறாண்டுக்கு மேல் ஆயிற்று என்பதும் ஒருங்கே நினைவிற் கொள்ளத்தக்கவை.

இரண்டாவது வெற்றி பெண்டிர் நோயிலேயே கிடைத்தது. கருவுற்ற பெண்ணின் நச்சுக்கொடி, புரதமும் சர்க்கரையும் இணைந்த ஓர் இயக்குநீரைச் சுரக்கின்றது. அது சிறுநீரில் வெளிப்படுகின்றது. இன்று மருந்துக் கடையில் வாங்கும் கருத்தேர்வு அட்டை பார்ப்பது இதனையே. நச்சுக்கொடியை ஆக்கும் உயிரணுக்களிற் சிலபோது கொடிய புற்று எழும். அதுவும் இதே இயக்குநீரைப் பெருக்கி விடும். 1950-களில் அமெரிக்க அரசின் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய மின் சியூ லி என்னும் சீனர், அந்நோய்ப் பெண்டிர்க்கு மெத்தோதிரெக்சேட்டு என்னும் மருந்தைக் கொடுத்தார். கட்டிகள் கண்ணுக்கு மறைந்தன. ஆயின், சிறுநீரில் அவ்வியக்குநீர் முற்றும் நீங்கவில்லை. 'நோய்தான் போயிற்றே, இனி ஏன் கொடும் மருந்து?' என்று பிறர் தடுத்தும் கேளாமல், சிறுநீர் தூயதாகும்வரை மருந்தைத் தொடர்ந்தார். அவர் பணி பறிபோயிற்று. அவர் மருத்துவம் செய்த பெண்டிரோ பிழைத்தனர். உடல் முழுதும் பரவிய புற்றொன்றை மருந்தாலேயே மாற்றிய முதல் வெற்றிகளுள் அதுவும் ஒன்று. 1972-இல் அவர்க்கு இலாசுக்கர் பரிசு கிடைத்தது. அம்மருந்தை ஆக்கிய குழுவின் தலைவரோ, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று கடல் கடந்த எல்லாப்பிரகட சுப்பாராவ். மருத்துவரின் கண் ஏமாந்த இடத்திற் சிறுநீர் உண்மை உரைத்தது என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடையாது.

அவ்வாறாயின் மார்பகப் புற்றுக்கு மட்டும் தடை என்ன? மேற்சொன்ன இரு புற்றுகளும் தமக்கே உரிய ஒரு பொருளைக் குடங்குடமாய்க் கொட்டுவன. மார்பகப் புற்றுக்கு அத்தகைய தனிப்பொருள் இல்லை. அது விடுப்பன எல்லாம், நலமுள்ள உடலும் சிறிதளவு விடுப்பனவே. அளவின் ஏற்றத்தாழ்வைக் கொண்டே பிரிக்க வேண்டியிருக்கின்றது. அமெரிக்காவின் பாசுட்டன் நகரில் மார்சா மோசசு என்னும் அம்மையாரின் குழு, உயிரணுக்களைச் சூழ்ந்த இழையத்தைக் கரைத்துப் புற்றுக்கு வழிவிடும் நொதிகள் புற்றுநோயாளர் சிறுநீரில் மிகுதியாய்த் தென்படுகின்றன என்று 1998-இல் அறிவித்தது. அவ்வகையைச் சார்ந்த மற்றொரு நொதி மார்பகப் புற்று முற்ற முற்றச் சிறுநீரிற் கூடுகின்றதென்று 2004-இல் காட்டியது. 2015-இல் ஆத்திரேலியச் சிட்னி நகர ஆய்வாளர், புரதத் துணுக்குகளை அவற்றின் நிறைகொண்டு இனம்பிரிக்கும் பெருங்கருவியால், மார்பகப் புற்றுடைய 20 பெண்டிரின் சிறுநீரையும் நலமுடைய 20 பெண்டிரின் சிறுநீரையும் ஒப்பிட்டு, நோயாளரிடம் மிகுந்திருந்த ஒரு புரதப் பட்டியலை வெளியிட்டனர். தமிழகத்திலும் இத்துறை வறிதாய் இல்லை. சென்னை அண்ணா பல்கலைக்கழக மருத்துவ இயற்பியல் துறையினர், சிறுநீரின்மேல் ஒளியைப் பாய்ச்சி அது மீண்டும் உமிழும் ஒளிர்வின் வேறுபாட்டால் புற்றுநோயாளரைப் பிரித்தறியும் முயற்சியை 2013-இல் கட்டுரையாக்கினர். அது புரதங்களை எண்ணும் வழியன்று, வேறு வழி. ஆயினும் நாடும் ஊர் ஒன்றே.

இவை அனைத்தும் மதிக்கத்தக்க தொடக்கங்கள். ஆனால் தொடக்கங்கள் மட்டுமே. இருபதின்மரையும் இருபதின்மரையும் நிறுத்தி, ஆயிரக்கணக்கான புரதங்களை அளந்தால், நோய்க்குத் தொடர்பே இல்லாத சில புரதங்களும் தற்செயலாய் ஒருபக்கம் மிகுந்து நிற்கும். முற்பகல் வெயிலிற் கரும்பு வெட்டியவளின் சிறுநீரும், நிழலில் அமர்ந்து நீர் பருகியவளின் சிறுநீரும் ஒன்றல்ல. நீரிழிவு மலிந்த தமிழ்நாட்டில் அந்நோயால் சிறுநீரகம் நைந்து புரதம் ஒழுகுவோர் பலர். சிட்னிப் பெண்டிரை வைத்து வகுத்த அளவுகோல் இங்கே செல்லுமா என்பதை இங்குள்ள பெண்டிரை வைத்தே பார்க்க வேண்டும். இரவல் அளவுகோலால் எம் உடலை அளத்தல் ஆகாது.

கணக்கும் ஒன்று உண்டு. பலர் போடாத கணக்கு. மோகனூர் வட்டாரத்தில் 10,000 பெண்டிர்க்குச் சிறுநீர்த்தேர்வு நடப்பதாகவும், அவர்களுள் 10 பேர்க்கே நோய் இருப்பதாகவும், தேர்வு நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரியாய்ச் சொல்வதாகவும் வைத்துக்கொள்க. நோயுற்ற பதின்மரில் ஒன்பதின்மரைத் தேர்வு காட்டிக்கொடுக்கும், ஒருத்தியைத் தவறவிடும். நோயற்ற 9,990 பேரில் 999 பேரையும் நோயாளர் என்று சொல்லும். ஆக அழைக்கப்படுவோர் 1,008 பேர். அவருள் உண்மையில் நோயுற்றார் 9 பேர். எஞ்சிய 999 வீடுகளில் அன்றிரவு அடுப்பெரியுமா? 'நூற்றுக்குத் தொண்ணூறு' என்று செய்தித்தாள் பெரிய எழுத்தில் அச்சிடும்போது இந்த 999 வீடுகள் அதில் இடம்பெறுவதில்லை.

2002-இல் அமெரிக்கர் சிலர், ஒரு துளிக் குருதியின் புரதக் கோலத்தைக் கொண்டு சூலகப் புற்றைக் கண்டுவிட்டதாகப் புகழ்பெற்ற இலண்டன் மருத்துவ இதழில் எழுதினர். நோயுற்ற 50 பேரையும் தவறாது பிரித்தனர்; நோயற்ற 66 பேரில் 63 பேரைச் சரியாய்ச் சொன்னார்கள். உலகமே வியந்தது, கடைக்கும் வர இருந்தது. பிறர் அக்கணக்கைத் தோண்டிப் பார்த்தபோது, கோலங்களிற் காணப்பட்ட வேறுபாடு நோயால் வந்ததன்று, கருவியை ஓட்டிய வகையால் வந்திருக்கலாம் என்று தெரிந்தது. அத்தேர்வு கடைக்கு வரவில்லை. அவர்கள் ஏமாற்றுக்காரர் அல்லர், விரைந்தவர். இங்கேயோ விரைந்து விற்கவும், அச்சத்தை விலையாக்கவும் வணிகர்க்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. மார்பகப் புற்றைச் சிறுநீராற் கண்டறிவதாகச் சொல்லி எவரேனும் காசு கேட்டால், எத்தனை ஆயிரம் பெண்டிரிடம் பார்த்தீர், எத்தனை ஆண்டு பின்தொடர்ந்தீர், சாவு குறைந்ததா என்னும் மூன்று வினாக்களை முதலிற் கேட்க வேண்டும்.

இதனினும் அடிப்படையான ஒன்று இருக்கின்றது. நாளையே செம்மையான சிறுநீர்த்தேர்வு வந்துவிட்டதாக வைத்துக்கொண்டாலும், அது 'ஆம்' என்று சொன்ன பின் செய்ய வேண்டுவது என்ன? மருத்துவர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கதிர்ப்படமோ ஒலிப்படமோ எடுக்க வேண்டும். ஊசியால் சிறுதுணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். எந்தக் கூச்சத்தைத் தவிர்க்கச் சிறுநீரைத் தேடினோமோ, அந்தக் கூச்சம் ஒரு படி தள்ளி அதே வாயிலில் காத்து நிற்கின்றது. சுவரைச் சுற்றிச் செல்லும் வழியும் அச்சுவரின் முன்னேயே கொண்டுவந்து விடுகின்றது.

சுவரை இடிக்கும் கருவி முன்பே கையில் உள்ளது, அது கையேதான். மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனையார் 1998-இல் தொடங்கிய ஆய்வில், சேரிப்பகுதிகளில் வாழும் 35 முதல் 64 அகவை வரையுள்ள 1,51,538 பெண்டிரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினரை, மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற மகளிர் ஈராண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டு ஆய்ந்தனர். இருபதாண்டு பின்தொடர்ந்து 2021-இல் முடிவை வெளியிட்டனர். முற்றிய நிலையிற் கண்டறியப்படுவோர் தொகை குறைந்தது. ஐம்பது அகவைக்கு மேற்பட்டோரில் மார்பகப் புற்றால் நேரும் சாவு நூற்றுக்கு முப்பது அளவுக்குக் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழ்ப்பட்டோரில் அப்பயன் தெளிவாய்த் தெரியவில்லை. அதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். பெண்டிர் தாமே தடவிப் பார்த்தால் போதும் என்பாரும் உளர். சீனத்தின் சாங்காய் நகரில் 2,66,064 ஆலைப் பெண்டிரிடம் நடந்து 2002-இல் வெளிவந்த ஆய்வோ, அவ்வாறு கற்பித்ததால் மட்டும் சாவு குறையவில்லை என்றது. ஆகவே வேண்டுவது பயின்ற கை. ஊர்ப்பெண்ணின் கையாய் இருந்தால் இன்னும் நன்று.

1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்த முத்துலட்சுமி அம்மையார், தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்தவர். அடுத்த ஆண்டில் அங்கே பணியிற் சேர்ந்து 2021-இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தவர் மருத்துவர் சாந்தா. இவ்விருவர் பிறந்து உழைத்த நாட்டின் இன்றைய நிலை என்ன? 2019 முதல் 2021 வரை நடந்த நாடளாவிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 அகவை வரையுள்ள பெண்டிரில் மார்பக ஆய்வு ஒருமுறையேனும் செய்துகொண்டவர் நூற்றுக்கு அறுவர்க்கும் குறைவு. இந்திய ஒன்றியம் முழுமைக்கும் பார்த்தால் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 'பிறரினும் மேல்' என்று இதிற் பெருமைகொள்ள ஒன்றுமில்லை. முப்பது அகவை கடந்த பெண்டிர் அனைவர்க்கும் இவ்வாய்வைச் செய்ய வேண்டும் என்று அரசின் வழிகாட்டு நெறி 2016 முதலே சொல்லிக்கொண்டிருக்கின்றது. நெறி தாளில் உள்ளது. கை ஊருக்கு வரவேண்டும்.

வரும் கையோடு சொல்லும் வரவேண்டும். இன்று ஒருத்தி துணிந்து போனாலும், அவள் பெறும் அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கின்றது; இசைவுப் படிவம் ஆங்கிலத்தில் இருக்கின்றது; தன் உறுப்பில் என்ன நேர்ந்தது என்பதைத் தானே படித்தறிய முடியாதவளாய், படித்த பிள்ளை எவனையேனும் தேடி அவனிடம் அத்தாளை நீட்டுகின்றாள். யாரிடம் மறைக்க எண்ணினாளோ அவனே அதனை உரக்கப் படிக்கின்றான். மருத்துவமனைகள் தரும் ஒவ்வொரு தாளும் நோயாளிக்கு விளங்கும் தமிழில் இருத்தல் வேண்டும் என்பது மொழிப்பற்று மட்டுமன்று. அப்பெண்ணின் உயிரைக் காப்பது.

மோகனூர்க் கோரைக் களத்திலும், கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டும் கூட்டத்திலும், மகளிர் குழுக்களின் கிழமைக் கூட்டத்திலும் சொல்லத்தக்கவை சிலவே. மார்பிலோ அக்குளிலோ புதிதாய்த் தட்டுப்படும் கட்டி, ஆரஞ்சுத் தோல்போல் குழிவிழும் மேற்றோல், புதிதாய் உள்ளிழுத்துக்கொண்ட காம்பு, அதனின்று கசியும் குருதி, ஆறாத புண். இவற்றில் ஒன்று இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால், நோவு இல்லையென்று பொறுத்திராமல், அண்மையிலுள்ள நலச் செவிலியரிடம் சென்று காட்டுதல் வேண்டும். மருத்துவம் பெண்ணிடம் வேண்டுமென்று கேட்பதற்கும் கூசுதல் வேண்டா. அவ்வாறு காட்டப்படும் கட்டிகளிற் பெரும்பாலானவை புற்றல்ல என்பதையும் அதே மூச்சிற் சொல்லிவிட வேண்டும். கட்டி என்றாலே சாவென்று அஞ்சி வாய் மூடிக்கொண்டவர் பலர்.